பூனைக்குத் தூசி இல்லை என்று சொன்ன அங்கம்மாள்

போன ஞாயிற்றுக்கிழமை பதுளைக் கடைத்தெருவில் வைத்து அங்கம்மாள் இறந்த செய்தி எனக்குக் கிடைத்தது. கம்பி முறிந்த குடையொன்றைச் சரிபார்க்கக் கொடுத்துவிட்டுக் கடை வாசலில் நின்றிருந்தேன். எதிரே முருகாயி வந்தார். தேயிலை ஸ்டோரில் அங்கம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பல வருடம் தேயிலை சலித்தவர். என்னைக் கண்டதும் தலையிலிருந்த கூடையை இறக்கி வைத்தார்.

"டீமேக்கர் ஐயா, அங்கம்மாக்கா போயிட்டாங்க."

"எப்போ?"

"செவ்வாக்கெழம. மூணு நாளு காய்ச்சல். கஞ்சி வேணும்னாங்க. காய்ச்சி எடுத்துக்கிட்டு வந்து பாத்தா உசிரு இல்ல."

ஆற்றுக்கு மேலே உள்ள மேட்டில் அடக்கம் செய்ததாகச் சொன்னார். அன்று காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பாதிப்பேர் வந்து நிற்கவில்லையாம். அதற்காகக் கங்காணி யாரையும் ஏசவில்லையாம். பிறகு சிறிது நேரம் இருமினார். இருமல் அடங்கியதும் கூடையை எடுக்காமலே நின்றார்.

"நீங்க எழுதுறவங்க. அக்காவப் பத்தி எழுதுங்கய்யா. நல்லவங்கன்னு மட்டும் எழுதிட்டுப் போயிடாதீங்க. அந்தப் பூனை விசயத்த எழுதுங்க. நான் ஒரு வருசம் அவங்களோட பேசாம இருந்தேன். அதையும் எழுதுங்க."

எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அங்கம்மாளை அறிந்தவர்களில் இதைத் தாமாக வாசிக்கக்கூடியவர்கள் சிலரே. மற்றவர்களுக்கு, அவர்கள் குடியிருக்கும் லயத்தில் யாராவது வாசித்துக் காட்டுவார்கள் என்று நம்புகிறேன். தோட்டத்தின் பெயரை நான் எழுதவில்லை. அறிந்தவர்களுக்கு அது தேவையில்லை.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஸ்டோரில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கராக நான் இருந்த காலம் முழுவதும் அவரை 'ஏ அங்கம்மா' என்றுதான் கூப்பிட்டேன். நீ, வா, போ என்றுதான் பேசினேன். இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். பேனாவுக்கு வருவது அன்று வாய்க்கு வரவில்லை.

அவருடைய பெற்றோர் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர் நடந்து வந்தாரா, தகப்பனின் தோளில் வந்தாரா என்று அவருக்கே நினைவில்லை. கலியாணம் செய்து, கணவனைக் காய்ச்சலுக்குக் கொடுத்து, பிள்ளைகள் இல்லாமல், நாற்பது வயதுவரை மலையில் கொழுந்து பறித்தார். ஒரு மழைக்காலத்தில் வழுக்கிக் கணுக்கால் பிசகியது. அது நேராகப் பொருந்தவில்லை. மலை ஏற முடியாது என்றானபின் ஸ்டோருக்கு அனுப்பினார்கள். தேயிலைத் தொழிற்சாலையை நம் பக்கத்தில் ஸ்டோர் என்போம். அங்கே சலிக்கும் அறையில் பதினொரு பெண்கள் இருந்தார்கள். அங்கம்மாள் பன்னிரண்டாவது.

அந்த அறையைப் பார்த்தவர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கருங்கல் சுவர், ஒரே ஒரு கதவு, உயரத்தில் திறக்க முடியாத ஒரு கண்ணாடி. உலர்ந்த தேயிலையைக் கைச்சல்லடையில் போட்டு ஆட்டும்போது அதிலிருந்து பஞ்சுபோன்ற பழுப்புத் தூசி எழும்பும். மதியத்துக்குள் எதிர்ச்சுவர் மங்கிவிடும். பெண்கள் மூக்கை மறைத்துத் துணி கட்டியிருப்பார்கள். மாலையில் அந்தத் துணியை உதறினால் அதிலிருந்தும் தேயிலை உதிரும். ஒருவர் தும்மினால் வரிசையாக எல்லோரும் தும்முவார்கள். சிலருக்கு இருமல் வருடம் முழுவதும் நிற்காது.

ஜன்னல் வேண்டும் என்று அந்தப் பெண்கள் என் மூலமாக மூன்று தடவை தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் கேட்டார்கள். காற்று வந்தால் ஈரம் வரும், ஈரம் வந்தால் தேயிலை கெடும் என்று மூன்று தடவையும் துரை மறுத்தார். என் எண்ணமும் அதுவாகவே இருந்தது. மூன்றாவது தடவை பதிலைக் கொண்டுபோய்ச் சொன்னபோது அங்கம்மாள் சல்லடையை நிறுத்தாமலே, "தேயிலைக்கு ஈரம் ஆகாது, எங்களுக்குத் தூசி ஆகாது. தொரைக்கு ஒண்ணுதான் கண்ணுல படுது" என்றார்.

அவர் எதையும் பார்த்த பிறகே பேசுவார். ஒரு பருவத்தில் சிறிய ரகத் தேயிலையோடு பெரிய இலை கலந்துவிட்டது என்று கொழும்பிலிருந்து புகார் வந்தது. அறைக்குள் போய் எல்லோரையும் சத்தம் போட்டேன். நான் பேசி முடியும்வரை இருந்துவிட்டு, "ஏசுறதுக்கு முன்னால சல்லடைய வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்கய்யா" என்றார். பன்னிரண்டு சல்லடைகளையும் கதவுக்கு வெளியே கொண்டுவந்து ஒவ்வொன்றாக வெயிலுக்கு நேரே பிடித்தார். ஒன்றில் ஓரத்தில் இரண்டு கம்பிகள் அறுந்திருந்தன. "இதுதான். என்னோடது" என்று என் கையில் கொடுத்தார். அவருக்கு அன்று அரைப்பேர்தான் போட்டேன். அரைநாள் கூலிதான் கிடைக்கும் என்பதைத் தெரிந்தே கொடுத்தார்.

இனிப் பூனையின் விஷயம்.

அப்போது ரயில் பதுளைவரை வரவில்லை, பண்டாரவளையோடு நின்றிருந்தது. துரையின் மனைவி, துரைசானி, பிள்ளைகளின் படிப்புக்காகச் சீமைக்குப் போய்விட்டார். அவர் வளர்த்த பூனை பங்களாவில் தங்கிவிட்டது. சாம்பல் நிறம், மார்பு மட்டும் வெள்ளை. துரை அதை மேஜர் என்பார். பெண்கள் மேசரு என்பார்கள். பங்களாவில் ஆள் அரவம் குறைந்தபின் அது ஸ்டோருக்கு வந்து, தேயிலை உலர்த்தும் அறையின் சூட்டுக்குப் பக்கத்தில் படுக்கத் தொடங்கியது. பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். எலி பிடிக்கும் வயது கடந்துவிட்டது. அங்கம்மாள் தன் சோற்றில் ஒரு பிடி வைப்பார். அவர் வைத்தால் மட்டும் தின்னும்.

மழை தொடங்கிய மாதத்தில் பூனை தும்ம ஆரம்பித்தது. முதலில் காலையில் மட்டும். பிறகு நாள் முழுவதும். மூக்கு அடைத்து, மூச்சு இழுக்கும் சத்தம் சல்லடைச் சத்தத்துக்கு மேலாகக் கேட்டது. துரை ஒவ்வொரு தபாலிலும் துரைசானிக்குப் பூனையின் சுகத்தை எழுதுகிறவர். அவர் தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்தையாவை வரவழைத்தார். மருந்தையா சளி என்று சொல்லி, கற்பூரத் தைலம் போட்ட வெந்நீரின் ஆவியைப் பிடிக்கச் சொன்னார். பூனைக்கு ஆவி பிடிப்பதென்பது இரண்டு பேர் வேலை. பத்து நாள் பிடித்தும் பலன் இல்லை. மருந்தையா மறுபடியும் வந்து, ஸ்டோரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தேயிலைத் தூசிதான் காரணம் என்றார்.

துரை அன்று சலிக்கும் அறைக்குள் வந்தார். தினமும் வருகிறவர்தான். ஆனால் அன்று உயரத்துக் கண்ணாடியையும் சுவரையும் தூசியையும் புதிதாகப் பார்ப்பவர்போல் நின்று பார்த்தார்.

"இந்தக் காத்து சரியில்லே," என்றார் தமிழில். "மேஜருக்கு ஆகாது."

மேற்குச் சுவரில் ஆறு ஜன்னல்கள் வைக்க உத்தரவானது. அந்த வாரமே பதுளையிலிருந்து தச்சு வேலை செய்யும் பாஸ் மரத்தோடு வந்து இறங்கினார். துரை வெளியேறியதும் முருகாயி குலவையிட்டார். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே சேர்ந்தார்கள். "நாங்க மூணு தடவ கேட்டோம். மேசரு நாலு தும்மல்ல வாங்கிட்டாரு" என்று ஒருத்தி சொன்னாள். அன்று பூனைக்கு மூன்று வீட்டிலிருந்து பால் வந்தது.

வேலை நடக்கும்வரை பூனை பங்களாவில் இருக்க வேண்டும் என்றார் துரை. இரண்டு தடவை கொண்டுபோய் விட்டோம். இரண்டு தடவையும் நடந்தே திரும்பி வந்துவிட்டது. ஆகவே அங்கம்மாளையும் பங்களாவுக்கு அனுப்பினார்கள். பின்பக்க விறாந்தையில் பூனையோடு இருப்பதுதான் வேலை. முழுப்பேர் போடச் சொன்னார்கள். நல்ல காற்று, உட்கார்ந்திருக்கும் வேலை. போகும்போது அவரைக் கேலி செய்தார்கள்.

பத்தாம் நாள் காலை, கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு என்னைத் தேடி வந்தார். கால் பிசகியவர் பங்களா மேட்டிலிருந்து இறங்கி வந்ததால் மூச்சு வாங்கியது.

"ஐயா, பூனைக்குத் தூசி இல்ல."

"பிறகென்ன?"

"பல்லு."

அவர் சொன்னதைச் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். பங்களாவில் தேயிலைத் தூசி கிடையாது. ஐந்து நாள் போயும் தும்மல் குறையவில்லை. சமையலறை விறகுப் புகையாக இருக்கலாம் என்று பூனையை முன்பக்கம் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். அப்போதும் குறையவில்லை. பூனை புல் தின்னும் பழக்கமுள்ளது, ஒரு புல்தாள் உள்ளே மாட்டியிருக்கலாம் என்று நினைத்து வெயிலில் மல்லாத்தி மூக்கையும் தொண்டையையும் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஆனால் மல்லாத்தியபோது ஒன்று தெரிந்தது. சளி இடது மூக்கில் மட்டும்தான் இருந்தது. வலது மூக்கு காய்ந்து சுத்தமாக இருந்தது.

"தூசின்னா ரெண்டு மூக்குலயும் தானேங்க போகும்? எங்களுக்கெல்லாம் ரெண்டுலயும் ஒழுகுது. இதுக்கு ஏன் ஒண்ணுல மட்டும்?"

அதன்பிறகு இடது பக்கத்தையே கவனித்தார். சோறு தின்னும்போது இடது பக்கமாகப் பருக்கைகள் விழுந்தன. கருவாட்டை வலது பக்கத்தில் மட்டும் கடித்தது. தின்ற பிறகு இடது கன்னத்தைக் காலால் தேய்த்தது. வாயில் வாடை. மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால் இடது கோரைப்பல்லின் ஈறு சுருங்கி, பல் பழுப்பேறி, அடியில் சீழ் கட்டியிருந்தது. அந்த ஈறை விரலால் லேசாக அழுத்தினார். பூனை தும்மியது. இடது மூக்கில் சீழ் வந்தது. நம்பிக்கை வராமல் மறுநாளும் அழுத்திப் பார்த்தார். அதேபோல் வந்தது.

"எனக்கே பாவமாப் போச்சு, ரெண்டாவது தடவ அழுத்துனதுக்கு" என்றார்.

அவர் சொன்னதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு ஆறில் இரண்டு ஜன்னல்கள்தான் முடிந்திருந்தன. அந்த இரண்டும் திறந்த நாளிலிருந்து அறையின் அந்தப் பக்கம் தெளிந்திருந்தது. நான் பயந்ததுபோல் தேயிலை ஈரமாகவும் இல்லை. வெளிச்சத்தில் ரகம் பிரிப்பது சுலபமாகவும் இருந்தது. ஜன்னல் வேண்டாம் என்றிருந்த நான் இப்போது வேண்டும் என்று நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

"இன்னும் நாலு ஜன்னல் இருக்கு, அங்கம்மா. ரெண்டு வாரம் பொறு. பாஸ் முடிக்கட்டும். பிறகு சொல்லலாம்" என்றேன்.

அவர் பங்களா மேட்டுக்குத் திரும்பினார். அன்று மாலை லயத்தில் முருகாயியிடமும் சொல்லியிருக்கிறார். முருகாயியும் அதைத்தான் கேட்டார்: "ரெண்டு வாரத்துல செத்தா போயிடும்?" மற்றப் பெண்களும் அப்படியே சொன்னார்கள். முருகாயிக்கு அந்த வருடம் இருமல் கடுமையாக இருந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

அங்கம்மாள் பொறுத்தார். பூனையின் வலி தெரிந்த முதல் நிமிடமே ஓடிப்போய்ச் சொன்னார் என்று எழுதினால் அது பொய். இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் பூனை சோற்றைத் தொடவில்லை. பாலை நக்கிப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போனது. முருகாயி பின்னால் வந்து கையைப் பிடித்து இழுத்தும் நில்லாமல், அங்கம்மாள் நேராக ஆபீசுக்கு வந்தார்.

நானும் அப்போது ஆபீசில் இருந்தேன்.

"என்ன அங்கம்மா? மேஜர் எப்படி?" என்றார் துரை.

"பூனைக்கு நோவு பல்லுலங்க தொரை. இடது கோரப்பல்லு. அதப் புடுங்கினா தும்மல் நின்னுடும்."

"தூசி இல்லையா?"

"பூனைக்குத் தூசி இல்லங்க. எங்களுக்குத் தூசிதான்."

துரை முதல் வாக்கியத்தைத்தான் கேட்டார். இரண்டாவதை அங்கம்மாள் பேசி முடிப்பதற்குள் என் பக்கம் திரும்பி, தூசி இல்லையென்றால் அந்த ஜன்னல்கள் எதற்கு என்று ஆங்கிலத்தில் கேட்டார். பதில் எதிர்பார்த்துத்தான் கேட்டார். "மருந்தையாவை வரச்சொல்லி அனுப்புகிறேன், சார்" என்றேன் நான்.

மருந்தையா குறடோடு வந்தார். தன் இரண்டு கணிப்பும் தவறானதில் முகம் நன்றாக இல்லை. பூனையைச் சாக்கில் சுற்றி, தலையை மட்டும் வெளியே விட்டு, அங்கம்மாள் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்ததால் ஒரே இழுப்பில் வந்தது. பின்னால் இரத்தமும் சீழும் வந்தன. உப்புத் தண்ணீரால் கழுவினார்கள். அங்கம்மாளின் முழங்கையில் சாக்கையும் தாண்டி நகம் பதிந்த தழும்பு கடைசிவரை இருந்தது. பூனை மறுநாள் பால் குடித்தது. ஒரு வாரத்தில் தும்மல் பாதியாகக் குறைந்தது. ஒரு மாதத்தில் மூச்சுச் சத்தமும் நின்றது. பால் குடிக்கும்போது மட்டும் எப்போதாவது ஒரு தும்மல் தும்மும். அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் உயிரோடிருந்தது.

பல் பிடுங்கிய மறுநாள் பாஸை லாயத்துக் கூரை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். கொண்டுவந்த மரமும் லாயத்துக்கே போனது. குதிரைகளுக்கு அந்த வருடம் ஒழுகவில்லை.

அங்கம்மாள் சலிக்கும் அறைக்குத் திரும்பியபோது அவருடைய இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். ஜன்னல்கள் இல்லாத கிழக்கு மூலையில் அவருடைய சல்லடையைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். யாரும் அவரோடு பேசவில்லை. வெற்றிலைப் பெட்டி அவர்வரை வராமல் திரும்பிப் போனது. நான் கதவருகே நின்று பார்த்தேன். இடம் மாற்றச் சொல்லும் அதிகாரம் எனக்கு இருந்தது. ஆனால் அவரே என்னைப் பார்த்து, "இருக்கட்டுங்கய்யா. அவங்க கோவத்துல ஞாயம் இருக்கு" என்றார். அதை முருகாயியும் கேட்டார். கேட்டு அவருடைய கோபம் அதிகமாயிற்று.

இரண்டு மாதம் கழித்து அவர் என்னிடம் ஒன்று கேட்டார். ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாலு பேரையும் இந்தப் பக்கம் மாற்றிவிட்டு, இந்தப் பக்கத்து நாலு பேரை அங்கே வைக்க முடியுமா என்றார். காரணம் கேட்டேன்.

"ஜன்னலுக்கு நேரா இருக்கவங்க இப்ப சலிச்சுக்கிட்டே பாட்டுப் பாடுறாங்க. கவனிச்சீங்களாய்யா? முன்ன அவங்களுக்குப் பாட மூச்சு கெடையாது. இந்தப் பக்கம் யாரும் பாடுறதில்ல. ஆளு வித்தியாசமா, எடம் வித்தியாசமான்னு தெரியணும்."

"உன்னையும் மாத்தவா?"

"நான் இங்கயே இருக்கேன். இல்லாட்டி எனக்காகக் கேட்டேன்னு ஆயிடும்."

மாற்றினேன். யாருடைய யோசனை என்று நான் சொல்லவில்லை, ஆனால் பெண்களுக்குத் தெரிந்துவிட்டது. ஜன்னல் பக்கத்திலிருந்து இருட்டுக்கு வந்த நால்வரில் முருகாயியும் ஒருவர். மூன்று வாரத்தில் அவருக்கு இருமல் திரும்பியது. எதிர்ப்பக்கம் போனவர்களில் இரண்டு பேர் பாடத் தொடங்கியிருந்தார்கள். முருகாயி அங்கம்மாளின் முகத்துக்கு நேரே வந்து, "பூனைக்காக எங்க ஜன்னல கெடுத்த. இப்ப என்ன இருட்டுல தள்ளி வேடிக்க பாக்குற" என்றார். அதுவரை அக்கா என்றவர் அன்றுதான் ஒருமையில் பேசினார். அங்கம்மாள் சலித்துக்கொண்டே இருந்தார். அன்று அவருடைய கை தாளம் தப்பி ஆடியதைக் கண்டேன். அதற்குமேல் அவருக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

மறு வாரம் துரை ஸ்டோருக்கு வந்தபோது அங்கம்மாள் எழுந்து வழியில் நின்றார். கிழக்கு மூலையில் சற்று நேரம் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பூனை பிழைத்ததிலிருந்து துரைக்கு அவரிடம் ஒரு மதிப்பு உண்டு. நின்றார். பெண்கள் சல்லடையை ஆட்டினார்கள். சிறிது நேரத்தில் துரை கைக்குட்டையை எடுத்து இரண்டு தடவை தும்மினார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு அங்கம்மாள் அவரை ஜன்னல் பக்கம் அழைத்துப் போய் நிற்க வைத்தார். இருமல் திரும்பியவர்களையும் பாட்டுத் திரும்பியவர்களையும் பெயர் சொல்லிக் காட்டினார்.

"பூனைக்குப் பல்லுன்னு சொன்னப்ப நம்புனீங்க தொரை. அப்ப தூசின்னு சொல்லியிருந்தா எங்களுக்கு லாபம். சொல்லல. இப்ப எங்களுக்குத் தூசின்னு சொல்றேன். இதையும் நம்புங்க."

துரை என்னைப் பார்த்து, உண்மையா என்று கேட்டார். இந்தத் தடவை, "உண்மை" என்றேன். தேயிலையில் ஈரம் ஏறவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

துரை கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியேறினார். பத்து நாள் கழித்துப் பாஸ் வந்தார். நாலு ஜன்னலுக்கு மரம் வரும் என்று பார்த்தோம். இரண்டுக்குத்தான் வந்தது. கிழக்கு மூலைக்கு எதிரே ஒன்று, நடுவில் ஒன்று. மீதி இரண்டை அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார் துரை. அடுத்த வருடம் அவர் வேறு தோட்டத்துக்கு மாறிப் போனார். அந்த அறையில் இன்றைக்கும் நாலு ஜன்னல்கள்தான்.

பெண்கள் ஒவ்வொருவராக அங்கம்மாளோடு பேசத் தொடங்கினார்கள். முருகாயி மட்டும் பேசவில்லை. அந்தச் சில வாரத் தூசியில்தான் தன் நெஞ்சு நிரந்தரமாகக் கெட்டது என்று அவர் நம்பினார். அது உண்மையா என்று யாராலும் சொல்ல முடியாது. பொய் என்றும் சொல்ல முடியாது. ஒரு வருடம் கழித்து ஒரு நாள் முருகாயி கன்னம் வீங்கி வேலைக்கு வந்தார். மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவர் எழுந்து அங்கம்மாளிடம் போய் வாயைத் திறந்து காட்டினார். "அக்கா, இத கொஞ்சம் பாரு" என்றார். அங்கம்மாள் அவரைக் கதவுக்கு வெளியே வெயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெகுநேரம் பார்த்தார். இருவரும் திரும்பி வந்தபோது, எந்தப் பல் என்பதில் வாக்குவாதம் செய்துகொண்டே வந்தார்கள்.

நான் வேலையிலிருந்து விலகிப் பதுளைக்குப் புறப்பட்ட நாளில் ஸ்டோர் வாசலில் எல்லோரும் வந்து நின்றார்கள். மாலை போட்டார்கள், எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். அங்கம்மாள் கடைசியாக வந்தார். தலை முழுவதும் நரைத்திருந்தது. பல வருடம் சொல்ல நினைத்த ஒன்றை அன்று அவரிடம் சொன்னேன்.

"அன்னிக்கு ஆபீசுல நான் பேசியிருக்கணும், அங்கம்மா. ஜன்னல் எதுக்குன்னு தொரை என்னைத்தான் கேட்டாரு."

எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை. பரவாயில்லை, பழைய கதை, என்ன செய்ய முடியும் என்ற வார்த்தைகளில் ஏதாவது ஒன்று வரும் என்று காத்திருந்தேன். நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"ஆமாங்கய்யா. பேசியிருக்கணும்" என்றார்.

அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை. வண்டிக்காரர் காத்திருக்கிறார், மழை வரும்போல் இருக்கிறது, பார்த்துப் போங்கள் என்று சொல்லி, பூமாலையில் சிக்கியிருந்த என் குடையை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அங்கம்மாளிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த 'ஆமாங்கய்யா'தான். என் மனம் நோகக் கூடாது என்று அவர் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. நானும் குறைக்காமல் வைத்திருக்கிறேன்.